ஈசிஜியில கியூடி கூடவாம், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே, நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். அண்ணா கனகாலமா மனநோய்க்கு ஹலோபெரிடோல் குளிசை போடுறவர், இப்ப ஆள் நல்ல தெளிவு, வயலுக்கும் போறார். போன கிளினிக்கில ஈசிஜி எடுத்துப்போட்டு கியூடிசி (ஒவ்வொரு துடிப்பிலயும் இதயத்தின்ர கீழறையளில மின்னோட்டம் தொடங்கி அடங்க எடுக்கிற நேரம்தான் கியூடி, அதைத் துடிப்பு வேகத்துக்கு ஏத்தமாதிரித் திருத்தினது கியூடிசி) 485 மில்லிசெக்கன் எண்டு கொப்பியில எழுதி விட்டிருக்கினம், ஆம்பிளையளுக்கு 450க்குள்ள இருக்கோணுமாம், 500 தாண்டினா இதயத்துடிப்பு திடீரெண்டு குழம்பி மயங்கி விழலாம், உயிருக்கும் ஆபத்தாம். சில மனநோய்க் குளிசையள் கியூடியைக் கூட்டுமாம், இரத்தத்தில பொட்டாசியம் குறைஞ்சாலும் கூடுமாம். அந்த நேரம் பாத்து அவருக்கு வயித்தாலடி வேற, அதில பொட்டாசியம் குறையுமாம், இருமலுக்கு எரித்ரோமைசினும் குடிச்சவர், அதுவும் கியூடியைக் கூட்டுற மருந்துதானாம். இரத்தம் சோதிச்சு, திரும்ப ஈசிஜி எடுக்கச் சொல்லியிருக்கினம்.

அம்மா குளிசையை நிப்பாட்டுவம் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறா, நான் விடேல்லை, டொக்டரிட்டக் கேக்காமல் நிப்பாட்டினா வீட்டில என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத்தான் தெரியும்.

உங்கட வீட்டில ஆருக்கும் இப்பிடி வந்து குளிசை மாத்தினவையோ? மாத்தேக்க பழைய வருத்தம் திரும்பினதோ? முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, எங்க போனா இதயக் கிளினிக்குக்குக் கெதியா நாள் கிடைக்கும்? நேர்த்தி வையுங்கோ எண்டு எழுதப்போற ஆக்களுக்கு, வற்றாப்பளை அம்மனுக்கு அம்மா ஏற்கனவே வச்சிட்டா, எனக்கு டொக்டர்மாரின்ர விபரம்தான் வேணும். இன்பொக்ஸில எண்டாலும் பரவாயில்லை.