சுடோ போட்டால் கர்னல் மோடுக்குப் போய்விடுமா?

கேள்வி:
யூசர் மோடு (சாதாரண நிரல்கள் ஓடுவது), கர்னல் மோடு (இயங்குதளத்தின் மையமான கர்னல் ஓடுவது) பாடத்தை இரண்டு நாளாகப் படிக்கிறேன். சாதாரணப் பயனராக ஓட்டினால் யூசர் மோடு, லினக்ஸில் சுடோ கட்டளை போட்டு ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகிப் பயனராக) ஓட்டினால் கர்னல் மோடு என்றுதான் புரிந்துகொண்டேன். தப்பு என்கிறான் நண்பன். ஏன் என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. ரூட்டால் எல்லாமே செய்ய முடியும்தானே?

பதில் 1:
நண்பர் சொல்வதுதான் சரி. எனக்கும் இந்தக் குழப்பம் ரொம்ப நாள் இருந்தது. தீர்ந்தது ஒரு குட்டி சி நிரலால். மெயினுக்குள் ஒரே ஒரு அசெம்பிளி கட்டளை, ஹெச்எல்டி. அடுத்த இன்டரப்ட் (குறுக்கீட்டுச் சைகை) வரும்வரை சிபியுவை நிற்கச் சொல்வது அது. ஓட்டியதும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற பிழையோடு நிரல் நின்றது. சரி, அனுமதி போதவில்லை போல என்று சுடோ போட்டேன். மறுபடி அதே செக்மென்டேஷன் ஃபால்ட்! கர்னல் லாகை (பதிவுக் குறிப்பை) திறந்தால் 'ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்' என்று ஒரு வரி, தடைசெய்த செயலைக் கண்டால் சிபியு எழுப்பும் பிழை அது. அந்த வரியில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது: தடுத்தது லினக்ஸ் இல்லை, சிபியு. ஹெச்எல்டியைக் கர்னல் மோடில் மட்டும்தான் அது ஏற்கும்; சுடோ போட்டாலும் என் நிரல் ஓடியது யூசர் மோடில்தான்.

ரூட் என்றால் யார் என்றே சிபியுவுக்குத் தெரியாது. எக்ஸ்86 வகை (இன்டெல், ஏஎம்டி) சிபியுவில் சிஎஸ் என்ற ரெஜிஸ்டரின் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு நினைவிடத்தின்) கடைசி இரண்டு பிட்டைத்தான் அது பார்க்கும். 0 என்றால் கர்னல் மோடு, 3 என்றால் யூசர் மோடு. ரூட் என்பதோ யூஐடி (பயனர் எண்) 0, கர்னல் தன் கணக்குக்காக வைத்திருக்கும் எண். இந்த ஃபைலைத் திறக்க விடலாமா என்று முடிவெடுக்கும்போது கர்னல் அதைப் பார்க்கும். இரண்டு இடத்திலும் 0 வருவதால் குழம்பிவிடாதீர்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

கேட்டவர்:
அப்போ ரூட் ஃபைலைத் திறக்கும்போது கர்னல் மோடுக்குப் போவதே இல்லையா?

பதில் 1:
போகும், எந்தப் பயனராக இருந்தாலும் போகும். ஆனால் அங்கே ஓடுவது உங்கள் கோடு இல்லை. எந்த வேலை வேண்டும் என்ற எண்ணை ஆர்ஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் வைத்து, கர்னலை அழைக்கும் சிஸ்கால் கட்டளையைக் கொடுக்கிறீர்கள். பூட் ஆகும்போதே கர்னல் குறித்துவைத்த முகவரிக்கு சிபியு தாவும். எங்கே தாவ வேண்டும் என்பது உங்கள் கையில் இல்லை. பாதுகாப்பு மொத்தமும் இதில்தான் இருக்கிறது.

பதில் 2:
இந்தப் போக்குவரத்துக்கு ஆகும் செலவையும் பார்த்துவிடுங்கள். தரவை நகலெடுக்கும் டிடி கட்டளையால் டெவ்-ஜீரோவிலிருந்து (பூஜ்யங்களையே தரும் போலி ஃபைல்) டெவ்-நல்லுக்கு (எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடும் போலி ஃபைல்) ஒவ்வொரு பைட்டாக 10 லட்சம் பைட் நகர்த்துங்கள், முன்னால் நேரம் அளக்கும் டைம் கட்டளையைப் போட்டு. ஒரு பைட்டுக்கு ஒரு ரீட், ஒரு ரைட் என்று 20 லட்சம் சிஸ்டம் கால் (கர்னலுக்குப் போய்வரும் அழைப்பு). அப்புறம் அதே 10 லட்சத்தை ஒரே பிளாக்காக நகர்த்துங்கள், கண்மூடித் திறப்பதற்குள் முடியும். இரண்டிலும் கர்னல் மோடில் செலவான நேரத்தைக் காட்டும் சிஸ் என்ற வரியை மட்டும் ஒப்பிடுங்கள்.