கல்லீரலில் இருக்கும் எதிர்ப்புச் செல்கள் காப்பாற்றுகின்றனவா, கெடுக்கின்றனவா?

தூக்கமில்லாதவன்:

என் தம்பிக்கு 26 வயது. ரத்த தானம் செய்யப் போன இடத்தில் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டார்கள், மறுபடி எடுத்துப் பார்த்தும் அதேதான். வைரஸ் அளவு ஒரு மில்லிக்குக் கோடிக்கணக்கில் இருக்கிறது, ஆனால் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் நொதி) நார்மல், ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னதுதான் குழப்பம். "இந்த வைரஸ் நேரடியாகக் கல்லீரலைக் கெடுக்காது, உன் எதிர்ப்புச் செல்கள் அதை அடிக்கக் கிளம்பினால்தான் கல்லீரல் கெடும், இப்போது அவை சும்மா இருக்கின்றன, அதனால் மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வா" என்று அனுப்பிவிட்டார். கோடிக்கணக்கில் வைரஸ் இருக்கும்போது எதிர்ப்புச் செல்கள் சும்மா இருப்பது எப்படி நல்ல செய்தி ஆகும்? அம்மா வேறு எதிர்ப்பு சக்தி மாத்திரை என்று எதையோ ஆர்டர் செய்து வைத்திருக்கிறார். அதைக் கொடுக்கலாமா கூடாதா என்றே இப்போது தெரியவில்லை.

இன்னொன்று. எனக்கு ஃபேட்டி லிவர். கொழுப்போடு அழற்சியும் இருக்கலாம் என்கிறார் என் டாக்டர். கொழுப்புதானே சேர்ந்திருக்கிறது, கிருமி எதுவும் இல்லையே, அங்கே எதிர்ப்புச் செல்களுக்கு என்ன வேலை?

செல்வேட்டை:

கல்லீரல் எதிர்ப்புச் செல்களை வைத்து ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள். உங்கள் தம்பியின் டாக்டர் சொன்ன விளக்கம் சரிதான், அவசரமாகச் சொல்லிவிட்டார் போல.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் நாளம் வழியாகக் குடலில் இருந்து நேராக வருகிறது. அதில் சத்து மட்டுமா இருக்கும்? செரித்த உணவின் புரதத் துண்டுகள், குடல் பாக்டீரியாக்களின் உடைந்த சுவர்கள், சில நேரம் உயிருள்ள பாக்டீரியாவே கூட இருக்கும். உடம்பின் வேறு இடத்தில் இவற்றைப் பார்த்தால் எதிர்ப்புச் செல்கள் கொதித்தெழும். கல்லீரலில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் அப்படிக் கொதித்தால் ஒரு மாதம் கூடத் தாங்காது. அதனால் பொறுத்துப்போவதுதான் இங்கே வழக்கமான நிலை. ரத்தம் ஊறிப் போகும் நுண்குழாய்களின் சுவரில் குப்ஃபர் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன, உடல் திசுக்களில் நிலையாக வாழும் மாக்ரோஃபேஜ்களில் (கிருமியை விழுங்கும் செல்கள்) 80 சதவீதத்துக்கு மேல் இவைதான். வருகிற பாக்டீரியாவைப் பிடித்து விழுங்கிவிட்டு, கூடவே ஐ.எல்-10 மாதிரியான மற்ற எதிர்ப்புச் செல்களை அடக்கும் சைட்டோகைன்களை, அதாவது செய்திப் புரதங்களை, விடுகின்றன. நுண்குழாய்களின் உட்பூச்சுச் செல்களும், எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்களிடம் பி.டி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி அவற்றின் வேகத்தைக் குறைக்கின்றன. ஆள் பலம் இல்லாமல் இல்லை, கல்லீரலில் உள்ள லிம்போசைட்டுகளில் (வெள்ளணுக்களில் ஒரு வகை) மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை என்.கே. செல்கள், கொல்லத் தெரிந்தவை. கட்டுப்பாட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான். இந்தப் பொறுமை எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு பழைய சான்று: 1969இல் ராய் கால்ன் குழு பன்றிகளுக்கு வேறு பன்றிகளின் கல்லீரலைப் பொருத்தியபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்தே இல்லாமல் பல பன்றிகள் அதை ஏற்றுக்கொண்டன. சிறுநீரகத்திலோ தோலிலோ இப்படி எளிதில் நடக்காது.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் குளிர்காய்வது இந்தப் பொறுமையில்தான். பிறக்கும்போது தொற்றினால் 90 சதவீதம் பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும், பெரியவர்களுக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் தங்கும். வைரஸ் ஒன்றுதான், எதிர்ப்புச் செல்களின் பதில்தான் வேறு. வைரஸ் தன் இனத்தைப் பெருக்கிக்கொண்டு போனாலும் செல்லைச் சாகடிப்பதில்லை. சிடி8 என்ற கொல்லும் வகை டி செல்கள் வைரஸ் இருக்கும் கல்லீரல் செல்லை அடையாளம் கண்டு கொல்லும்போதுதான் உள்ளே இருக்கும் நொதி ரத்தத்தில் கொட்டுகிறது, அதைத்தான் எஸ்.ஜி.பி.டி. ஏறியிருக்கிறது என்கிறோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. 2003இல் வெளிவந்த சிம்பன்சி ஆய்வு ஒன்றில் வைரஸ் தொற்றிய விலங்கின் சிடி8 செல்களைத் தற்காலிகமாக நீக்கினார்கள். அந்தச் செல்கள் திரும்பி வரும்வரை கல்லீரல் நோயும் வரவில்லை, வைரஸும் போகவில்லை. இரண்டையும் செய்வது ஒரே செல் என்பதற்கு இதைவிடத் தெளிவாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

உண்மையான தொல்லை நடுவில் மாட்டிக்கொள்பவர்களுக்கு. வருடக்கணக்கில் சண்டை போட்டுக் களைத்துப்போன டி செல்கள், வைரஸை முடிக்கவும் முடியாமல், விடவும் முடியாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் செல்களைக் கொன்றுகொண்டே இருக்கும். கல்லீரல் தழும்பாகி இறுகும் சிரோசிஸ் வருவது அந்த வழியில். களைத்த டி செல்லைக் கடையில் வாங்கும் எந்த மாத்திரையும் தட்டி எழுப்பியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் டாக்டர் சொன்னதோடு கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். 'சும்மா இருக்கின்றன' என்பது முழுக்கச் சும்மா இல்லை. இந்தக் கட்டத்தில் இருக்கும் இளைஞர்களிடமும் வைரஸைத் தெரிந்த டி செல்கள் இருக்கின்றன, வைரஸின் டி.என்.ஏ. நம் மரபணுவில் ஒட்டிக்கொள்வதும் ஆரம்பத்திலேயே நடக்கிறது. ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலே 30 வயதைத் தாண்டியவருக்கு எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தாலும் மருந்து தொடங்கலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2024இல் மருந்துக்குத் தகுதியானவர்களின் வட்டத்தைப் பெரிதாக்கியிருக்கிறது. தம்பி ஆறு மாதப் பரிசோதனையை ஒன்றுகூட விடக்கூடாது.

ஈரக்குலை_நடுக்கம்:

ஃபேட்டி லிவர் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், தினமும் பார்க்கிற வேலை.

கிருமி வேண்டியதில்லை. கொழுப்பு திணிக்கப்பட்ட செல் திணறும், சில செல்கள் வெடித்துச் சாகும். உள்ளே இருக்க வேண்டிய சரக்கு வெளியே சிந்தினால் குப்ஃபர் செல்களுக்கு அதுவும் ஆபத்து அறிவிப்புதான், பாக்டீரியா வந்ததற்கும் இதற்கும் அவை பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. டி.என்.எஃப்., ஐ.எல்-1 பீட்டா என்று அழற்சியைத் தூண்டும் புரதங்களை விட ஆரம்பிக்கும், சிசிஎல்2 என்ற அழைப்பை அனுப்பி எலும்பு மஜ்ஜையில் இருந்து, மாக்ரோஃபேஜாக மாறக்கூடிய மோனோசைட்டுகளை வரவழைக்கும். வந்தவை இன்னும் முரடு. இவை விடும் டி.ஜி.எஃப்-பீட்டா, பக்கத்தில் வைட்டமின் ஏ-வைச் சேமித்துக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்த ஸ்டெல்லேட் செல்லை மாற்றிவிடும், அது தழும்புக்கான நார்ப் புரதமான கொலாஜனைக் கொட்ட ஆரம்பித்தால் அதற்குப் பெயர்தான் ஃபைப்ரோசிஸ்.

சரி, அப்படியானால் அந்த மாக்ரோஃபேஜ்களைத் தடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். எலிகளில் செய்து பார்த்தார்கள், 2005இல் வந்த ஆய்வு. கல்லீரல் காயப்பட்டுக்கொண்டிருக்கும்போது மாக்ரோஃபேஜ்களை நீக்கினால் தழும்பு குறைந்தது. ஆனால் காயம் நின்று ஆறும் காலத்தில் நீக்கினால் தழும்பு கரையாமல் நின்றுவிட்டது! கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தருவதும் மாக்ரோஃபேஜ்கள்தான். மனிதர்களிலும் மோனோசைட் வரவைத் தடுக்கும் செனிக்ரிவிராக் என்ற மருந்தை மூன்றாம் கட்டம் வரை கொண்டுபோனார்கள், பலனில்லை என்று 2021இல் நிறுத்திவிட்டார்கள். 2024இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு முதன்முதலாக அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்து எதிர்ப்புச் செல்களைத் தொடவே தொடாது, கல்லீரல் கொழுப்பை எரிக்கிற வழியில் வேலை செய்கிறது. கொழுப்பு குறைந்தால் அழைப்பு நிற்கும், அழைப்பு நின்றால் செல்கள் அடங்கும், இதுவரை பார்த்த அளவில் இதுதான் நடக்கிற காரியம். உடல் எடையில் 7 சதவீதம் குறைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அழற்சி அடங்குகிறது, 10 சதவீதம் குறைத்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தழும்பே ஒரு படி பின்வாங்குகிறது. எடையைக் குறைக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாத்திரைப்பெட்டி:

வைரஸ் இல்லை, கொழுப்பு இல்லை, குடித்ததும் இல்லை, இருந்தும் என் எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டியது. ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ். ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி அளவு எகிறியிருந்தது, பயாப்சியில் லிம்போசைட்டும் ஆன்டிபாடி செய்யும் பிளாஸ்மா செல்லும் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. என் செல்கள் என் கல்லீரலையே எதிரி என்று முடிவு செய்துவிட்டன, செல்வேட்டை சொன்ன அந்தப் பொறுமை எனக்குப் போய்விட்டது. பிரெட்னிசலோன் கொடுத்து அடக்கினார்கள், இப்போது அசதயோபிரின். நான் தினமும் விழுங்குவது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை என்று சொன்னால் கேட்பவர்கள் முகம் மாறிவிடுகிறது. உடனே ஒரு பூஸ்டர் பெயர் சொல்வார்கள். முதலில் விளக்கிக்கொண்டிருந்தேன், இப்போது சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

எதிர்க்கேள்வி:

எல்லாம் சரி, ஆனால் சிரோசிஸ் வந்தவர்கள் பலர் தொற்று வந்துதானே இறக்கிறார்கள்? அப்போ அவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்றுதானே அர்த்தம். கூட்டுவது எப்படித் தப்பாகும்? இயற்கைச் சாறு காப்சூல் சாப்பிட்டால் என்ன கெட்டுவிடப் போகிறது?

ஈரக்குலை_நடுக்கம்:

முதல் பாதி நல்ல கேள்வி. சிரோசிஸில் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும்: ஓயாத அழற்சி ஒரு பக்கம், தொற்றைத் தடுக்க முடியாமை இன்னொரு பக்கம். தழும்பால் கல்லீரலுக்குள் அழுத்தம் ஏறி, குடல் ரத்தம் குப்ஃபர் செல்களைத் தொடாமலேயே பக்கவழியில் பொது ரத்த ஓட்டத்துக்குப் போய்விடுகிறது. பாக்டீரியாவைப் பூசி அடையாளம் காட்டும் காம்ப்ளிமென்ட் புரதங்களைச் செய்வதும் கல்லீரல்தான், அதுவும் குறைந்துவிடுகிறது. அதனால்தான் வயிற்றில் நீர் கோத்து வருபவருக்கு உடனே ஊசியில் நீர் எடுத்துப் பார்க்கிறோம், ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் காத்திருக்காமல் ஆன்டிபயாட்டிக். இதில் எதையும் காப்சூல் சரிசெய்யாது.

இரண்டாவது பாதிக்கு வருகிறேன். கிரீன் டீ சாறு காப்சூல், மஞ்சள் சாறு காப்சூல் இரண்டாலும் கல்லீரல் பழுதாகி வருகிறார்கள். அப்படி வருபவர்களிடம் எச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபணு வகை வழக்கத்தைவிட அதிகம் தென்படுகிறது. எச்.எல்.ஏ. என்பது டி செல்லுக்கு எதிரியைக் காட்டிக்கொடுக்கும் புரதம். ஆக அங்கேயும் கல்லீரலை அடிப்பது பெரும்பாலும் டி செல்தான் என்று நினைக்க இடமிருக்கிறது. எதிர்ப்பு சக்திக்கு என்று வாங்கிய மாத்திரையே எதிர்ப்புச் செல்லைக் கல்லீரல் மேல் ஏவிவிடலாம்.

தூக்கமில்லாதவன்:

எல்லோருக்கும் நன்றி. மாத்திரைப்பெட்டி அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், ஆர்டர் செய்ததைத் திருப்பி அனுப்ப ஒத்துக்கொண்டார். ஒரு சந்தேகம். பிறக்கும்போது தொற்றினால்தான் தங்கும் என்றால், தம்பிக்கு அம்மாவிடம் இருந்து வந்திருக்குமோ? அம்மாவுக்கு இதுவரை யாரும் பார்த்ததில்லை, அவருக்கு மூட்டுவாதம் மட்டும்தான். அதற்கு அடுத்த மாதம் ரிட்டுக்ஸிமாப் என்று ஒரு டிரிப் ஏற்றப் போகிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது இல்லையா?

ஈரக்குலை_நடுக்கம்:

சம்பந்தம் நிறைய இருக்கிறது. நாளைக்கே மூட்டு டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள். அம்மாவிடம் இருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, சிறு வயதில் வேறு வழியில் தொற்றியிருந்தாலும் தங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிட்டுக்ஸிமாப், ஆன்டிபாடிக்கு மூலமான பி செல்களைத் துடைத்துவிடும், அதுவரை அடங்கிக் கிடந்த வைரஸ் கட்டவிழ்ந்து பெருகும், அப்புறம் எதிர்ப்பு திரும்பும்போது ஒரே அடியாகக் கல்லீரலைத் தாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013இலேயே இந்த மருந்தின் அட்டையில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை வைத்துவிட்டது. ஹெபடைட்டிஸ் பி-க்கான மேற்புற ஆன்டிஜென் (HBsAg) மட்டும் பார்த்தால் போதாது, கோர் ஆன்டிபாடியும் (anti-HBc) பார்க்கச் சொல்லுங்கள். முன்பு எப்போதோ வந்து போனவர்களுக்கு முதலாவது நெகட்டிவாக இருக்கும், இரண்டாவது காட்டிக்கொடுக்கும், அவர்களுக்கும் ஆபத்து உண்டு. பாசிட்டிவாக வந்தால் பயப்பட வேண்டாம், டிரிப்புக்கு முன்பே வைரஸை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் தொடங்கி, கடைசி டிரிப் முடிந்தும் ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

உங்களுக்கும் அதே இரண்டு பரிசோதனையோடு மேற்புற ஆன்டிபாடியும் சேர்த்து எடுத்துவிடுங்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.