டாக்டருக்குப் பாடம் எடுப்பது யார்?

பொன்னிக்கரை:
டாக்டர் எழுதும் மருந்தை அப்படியே நம்பலாம் என்பவர்கள் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். அது சென்னை மருந்துக் கம்பெனி. ஜின்கோவிட் சத்து மாத்திரையை டாக்டர்களிடம் கொண்டுசேர்க்க 4 கோடியே 72 லட்சம் செலவு: தங்கக் காசு, எல்சிடி டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப், மாநாட்டுக் கட்டணம். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வேறு கேட்டார்கள். கோர்ட் மறுத்துவிட்டது. இந்தச் செலவெல்லாம் மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுகிறது என்றும் சொன்னது. அப்புறம் எப்படி மருந்துச் சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது?

ஸ்டெத்:
நான் டாக்டர். தங்கக் காசு வாங்கியவர் மேல் நடவடிக்கை எடுங்கள், தாராளமாக. பரிசு வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009லேயே விதி போட்டுவிட்டது. அதற்காக ஒரு பேனாவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நான் மருந்தை மாற்றிவிடுவேன் என்றால் என்ன அர்த்தம்?

மாஜி ரெப்:
டாக்டர் சார், கோபப்படாதீர்கள். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகளான எங்களுக்கு உங்கள் அறையில் கிடைப்பது இரண்டு நிமிஷம். மருந்தைப் படத்தோடு விளக்கும் விஷுவல் எய்டை நாலு பக்கம் புரட்டிக் காட்டி, சாம்பிளை மேஜையில் வைத்துவிட்டு, நேராகக் கீழே மெடிக்கல் ஷாப்புக்குப் போவோம். "அண்ணே, டாக்டர் நம்ம சரக்கு எழுதுறாரா?" உங்கள் சீட்டுக்கு எந்தக் கம்பெனி ஸ்ட்ரிப் எத்தனை போனது என்று குறித்துக்கொள்வோம். ஆர்சிபிஏ என்போம். எழுதவில்லை என்றால் அடுத்த முறை மேனேஜரும் கூட வருவார். பலனே இல்லாத வேலைக்கா கம்பெனி மாதாமாதம் சம்பளம் போடுகிறது?

பொன்னிக்கரை:
சாப்பாட்டுக்கும் கணக்கு இருக்கிறது. 2016ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு: 20 டாலர்கூடப் பெறாத ஒரே ஒரு சாப்பாடு வாங்கிய டாக்டர்களே அந்த பிராண்டை மற்றவர்களைவிட அதிகம் எழுதியிருக்கிறார்கள்.

ஸ்டெத்:
அந்த ஆய்வு காட்டுவது தொடர்பை மட்டும்தான். ஏற்கெனவே அந்த மருந்தை எழுதுபவர் சாப்பாடு போட்ட கம்பெனிக் கூட்டத்துக்குப் போயிருக்கலாம் அல்லவா? இன்னொன்று. டாக்டர்கள் ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி முடிக்க வேண்டும் என்று விதி. ஹால் வாடகை, பேச வருபவரின் டிக்கெட், சாப்பாடு, இதெல்லாம் யார் தருவது? அரசு தருகிறதா? "எல்லாம் கார்ப்பரேட் சதி" என்று யாரோ ஒரு கஷாய வியாபாரி சொன்னதைக் கேட்டு இன்சுலினை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு எமர்ஜென்சிக்கு வருபவர்களைப் பார்ப்பவன் நான். அந்தக் கஷாய வியாபாரியிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

மாஜி ரெப்:
இன்சுலின் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் யார் தருவது என்று கேட்டீர்களே, சிக்கலே அங்கேதான். கல்லூரியை விட்டு வந்தபிறகு புது மருந்தைப் பற்றி உங்களிடம் வந்து சொல்பவன் அதை விற்பவன் மட்டும்தான். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் மருந்துக் கம்பெனி செலவில் நடக்கும் கருத்தரங்குக்கே போகக் கூடாது என்றது. அதே மாதம் அந்த விதிகளை நிறுத்திவைத்தார்கள். மருந்துக் கம்பெனிகளுக்கு 2024ல் வந்த நடத்தை நெறியில் வெளிநாட்டுப் பயணத்துக்குத் தடை, சாம்பிளுக்கு வரம்பு எல்லாம் உண்டு. புகாரை விசாரிக்கும் குழு மட்டும் கம்பெனிகளின் சங்கத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது!

தென்காசி மகள்:
சண்டை இருக்கட்டும். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. நான் என்ன செய்ய?

ஸ்டெத்:
மாத்திரையை நிறுத்தாதீர்கள் அம்மா. பிராண்டுக்குப் பக்கத்தில் மருந்தின் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ அதே மருந்து, அதே அளவு குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். வாங்கியதை டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். ரெப் தம்பி, யார் தருவது என்ற சிக்கலுக்கு ஒன்று: ஸ்பான்சர் வேண்டாம், ஆளுக்கு ஆயிரம் போட்டுக் கருத்தரங்கை நாமே நடத்தலாம் என்று எங்கள் டாக்டர்கள் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். கை தூக்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்.