வெளிநாட்டுக் கால் சென்டரைத் தாண்டி மேலதிகாரியை அணுகுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். என் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டு 11 நாட்களாகின்றன. சேவை எண்ணை அழைத்தால் ஒவ்வொரு முறையும் வெளிநாட்டிலுள்ள கால் சென்டரில் வேறொருவர் எடுப்பதால், புகார் எண்ணைச் சொன்ன பிறகும் எல்லாவற்றையும் முதலிலிருந்தே விளக்க வேண்டியிருக்கிறது. நேற்று 40 நிமிடம் காத்திருந்த பின் பேசிய பெண், மோடத்தில் சிவப்பு விளக்கு எரிவதாக நான் இருமுறை சொல்லியும், மோடத்தை அணைத்து மீண்டும் போடும்படி, தனக்கு எழுதிக் கொடுத்ததையே வாசித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அழைப்பைச் சீக்கிரம் முடிக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு இருக்கும், தொழில்நுட்பரை அனுப்பும் அதிகாரமோ இருக்காது. இப்படிப்பட்ட புகாரை மேல்நிலைப் பிரிவுக்குக் கொண்டுசென்றவர்கள், தொலைபேசியில் என்ன கேட்டீர்கள், எழுத்துப்பூர்வமாக யாருக்கு அனுப்பினீர்கள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்வதால் மிகவும் தவிக்கிறேன்.