புதுப்பிப்பு: அப்பாவுக்கு இரண்டாவது லுடீசியம் ஊசி போட்டாயிற்று

எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு லுடீசியம்-177 என்ற கதிரியக்க மருந்தை ஊசியாகக் கொடுக்கலாமா என்று தவித்து எழுதியிருந்தேன். கொடுத்தோம். போன வாரம் இரண்டாவது ஊசி. ஆறு வாரத்துக்கு ஒன்று, அதிகபட்சம் ஆறு.

முதலில் கேலியம்-68 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த மருந்தை ஏற்றி, அது உடலில் எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். புற்றணுக்களின் மேல் மிகுந்திருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தை அந்த மருந்து தேடிப் பற்றிக்கொள்ளும். திரையில் அப்பாவின் இடுப்பெலும்பு விளக்கேற்றியதுபோல் ஒளிர்ந்தது. அதே இடங்களுக்குத்தான் லுடீசியமும் போகும் என்றதும் சம்மதித்தேன். இந்த மருந்தைச் சோதித்து 2021-இல் வெளியான விஷன் என்ற ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 11.3 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள்; லுடீசியமும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 15.3 மாதம் ஆனது. அந்த நான்கு மாதம் எனக்குப் பெரிது.

வாய் வறட்சிதான் பெரும்பாடு. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் மருந்தை இழுத்துக்கொள்கின்றன. ரசஞ்சாதத்தைக்கூடக் கரைத்துக் கொடுக்கிறோம். ஆனால் வலி மாத்திரை பாதியாகக் குறைந்துவிட்டது. கதிர்வீச்சுக்காகப் பேத்தியைச் சில நாள் தள்ளி இருக்கச் சொன்னார்கள். வாசற்படியில் உட்கார்ந்து தாத்தாவிடம் கதை கேட்கிறாள்.