புதுப்பிப்பு: கேபிள் இணைப்பு விட்டு விட்டு வந்த பிரச்சினை தீர்ந்தது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் கணினியின் இணையக் கேபிள் இணைப்பு அடிக்கடி துண்டிக்கிறது, வைஃபையில் தொல்லையே இல்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். இணைப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்தேன், கணினியின் மின்சேமிப்பு வசதியையும் அணைத்தேன். பலனில்லை.

அப்புறம்தான் இணைப்பு வேகத்தைக் கவனித்தேன். நொடிக்கு 1000 மெகாபிட் (Mbps) இருக்க வேண்டியது, திடீரென 100-க்கு இறங்கியது. கிகாபிட்டுக்கு, அதாவது அந்த 1000-க்கு, கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும்; 100-க்கு இரண்டு ஜோடி போதும். அப்படியென்றால் ஏதோ ஒரு கம்பி சரியாகத் தொடவில்லை! அலமாரியை நகர்த்தினால், பின்னால் கேபிள் மடிந்து நசுங்கிக் கிடக்கிறது.

லோ யாட் பிளாசா கணினிக் கடைத்தொகுதியில் கிகாபிட் வேகத்தைத் தாங்கும் புது கேட் 6 (Cat 6) வகைக் கேபிள் வாங்கி, அதே போர்ட்டில் செருகினேன். மூன்று நாளாக 1000-லேயே நிற்கிறது. மகளின் இணைய வகுப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்ற அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.