ஸ்கேஃபோல்டு: சாரமா, பந்தலா?

வணக்கம். காயத்துக்குள்ள செல்லு ஏறி வளரத் தாங்கலா வைக்கிற பட்டு ஸ்கேஃபோல்டுக்கு, தமிழ்ப் பேரா "சாரம்"னே போட்டுடலாம்னு ஐயா எழுதியிருந்தீங்க. எங்க குப்பத்துலயும் கொத்தனாரு சாரம் கட்டுறேன்னுதான் சொல்வாரு, ஆனா "பட்டுச்சாரம்"னு எழுதிப் பாருங்க, பட்டைப் பிழிஞ்சு எடுத்த சத்துன்னுதான் படிக்கத் தோணும், அப்புறம் எவனாவது அதை சோப்புல போட்டு விப்பான்.

"பட்டுக்கட்டு"ம் ஒத்துவரல. கட்டுன்னா ஒரு நாள் பிரிக்கணும்ல? புண்ணு மேல ஒட்டுற ஃபைப்ரோயின் (பட்டு நூலோட முக்கியப் புரதம்) ஃபிலிமுக்கு அந்தப் பேரு தாராளமா இருக்கட்டும். நாம பேசுறது குழியான புண்ணுக்குள்ள வைக்கிற ஸ்பாஞ்சு, அதோட துளைகள்ல செல்லு ஏறிப் படர்ந்து புதுத் திசு வளர வளர அது தானா சிதைஞ்சு போகணும், பிரிக்கிற வேலையே இல்ல.

எங்க வீட்டுல பட்டுப்புழு வளர்த்தோம், கூடு ராமநகரம் மார்க்கெட்டுக்குப் போகும். முத்தின புழுவ சந்திரிகையில விடுவோம், மூங்கில் தட்டுல சுருள் சுருளா மூங்கில் பட்டை வெச்சிருக்குமே அது, அதுல இடம் புடிச்சுத்தான் புழு கூடு கட்டும். மொதல்ல "சந்திரிகை"ன்னே வைக்கலாம்னு நெனச்சேன். ஆனா அதை வெயில்ல காயவெச்சு அடுத்த பேட்சுக்கு எடுத்து வைப்போம், கரையிற சாமானா அது?

அதனால என் ஓட்டு "கரைபந்தல்", அதாவது கரையிற பந்தல். அவரைக்கொடி ஏறுற மாதிரி செல்லு ஏறும். பக்கத்து வீட்டு தெலுங்குக்காரருக்குக் கூட பந்திரின்னா புரிஞ்சிடும். வெறும் "பட்டுப்பந்தல்"னா கல்யாண வீடு ஆயிடும்.

அக்கா கேட்டது நியாயம்தான், பட்டுத் தையல்நூலை டாக்டருங்க கரையாத நூல் கணக்குலதானே வெச்சிருக்காங்க, அப்புறம் எப்படி "கரை"ன்னு பேரு வைக்கிறதுன்னு. அந்தக் கணக்கு 60 நாளுக்குள்ள நூலோட பலம் பெரும்பாலும் போயிடுதாங்கிறது. பட்டு அதைத் தாண்டி நிக்கும், ஆனாலும் உடம்புல இருக்கிற, புரதத்தை உடைக்கிற நொதிங்க மெல்ல அரிச்சுடும். ஸ்பாஞ்சுக்கோ, கூட்டை சோடியம் கார்பனேட்டுல கொதிக்க வெச்சு செரிசின்ங்கிற பசையை நீக்கி, மிச்ச ஃபைப்ரோயினை லித்தியம் புரோமைடுல கரைச்சு, உப்பை எடுத்துட்டு உறையவெச்சு உலர்த்துறாங்க. அதுல பீட்டா தகடு (புரதச் சங்கிலிங்க நெருக்கமா அடுக்கி நிக்கிற அமைப்பு) கம்மியா இருந்தா சீக்கிரம் போயிடும், மெத்தனால் காட்டி தகடைக் கூட்டினா ரொம்ப நாள் நிக்கும். கரையிற வேகத்தை ஓரளவு நம்ம கையில வெச்சுக்கலாம், அதான் பேருலயே "கரை" இருக்கட்டும்ங்கிறேன்.

ஒரே பயம், டைப் பண்றப்போ றகரம் விழுந்து "கறைபந்தல்" ஆயிடும், புண்ணுல வைக்கிற சாமானுக்கு அது பேரா? அதுக்கு வழி இருந்தா சொல்லுங்க.